மிச்செலின் குடும்பம்: சொந்தச் சொத்தைப் பிணையாக வைத்து நடத்திய டயர் வியாபாரம்

மிச்செலின் டயர் நிறுவனத்தை நூறாண்டுக்கு மேல் ஒரே குடும்பம் எப்படிக் கையில் வைத்திருந்தது, இன்றும் அது குடும்ப நிறுவனம்தானா என்பது கேள்வி. இரண்டாவது பாதிக்குப் பதில் சுருக்கமானது, கடைசியில் சொல்கிறேன். முதல் பாதிக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "புதிது புதிதாகக் கண்டுபிடித்தார்கள், பிரமாதமாக விளம்பரம் செய்தார்கள்" என்பது. பொய்யில்லை. ஆனால் கண்டுபிடிப்பிலும் விளம்பரத்திலும் கெட்டிக்காரர்களான டயர் குடும்பங்கள் வேறும் இருந்தன. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் ஓர் உதாரணம். அந்தக் கம்பெனி 1988-ல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனிடம் போய்ச் சேர்ந்தது. மிச்செலின் பிழைத்ததற்கு அதன் சட்ட அமைப்பே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1889 மே 28-ம் தேதி பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் கம்பெனி பதிவானபோது, அங்கே அன்று வழக்கிலிருந்த ஒருவகைக் கூட்டு அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பங்காளிகள் இரண்டு வகை. பணம் மட்டும் போடுகிறவர்கள் ஒரு வகை. போட்ட பணத்துக்கு மேல் அவர்களுக்கு இழப்பு கிடையாது. நிர்வாகத்தில் தலையிடவும் முடியாது. நிர்வாகத்தை நடத்தும் பங்காளி மற்றொரு வகை. கம்பெனி கடனில் மூழ்கினால், கடன் கொடுத்தவர்கள் அவருடைய வீடு நிலம் வரைக்கும் வந்து கைவைக்கலாம். அதற்கு ஈடாக, அவரைப் பதவியிலிருந்து இறக்குவது மிகக் கடினம். பங்குச் சந்தையில் எவ்வளவு பங்கு வாங்கிக் குவித்தாலும் அவருடைய நாற்காலி வாங்கியவருக்குக் கிடைக்காது. மற்றக் குடும்ப நிறுவனங்களில் குடும்பம் பங்குதாரராக இருக்கும். இங்கே குடும்பத் தலைவர் தன் சொந்தச் சொத்தைப் பிணையாக வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். இவர்களுடைய சிக்கனம், ரகசியம், பத்து ஆண்டு காத்திருக்கும் பொறுமை, ஊரே சொன்னாலும் கேட்காத பிடிவாதம் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததாகவே நினைக்கிறேன்.

கதை டயரில் தொடங்கவில்லை. 1832 வாக்கில் அரிஸ்தீத் பார்பியே, எதுவார் தோப்ரே என்ற இரு உறவினர்கள் கிளெர்மோன்-ஃபெரானில் விவசாய இயந்திரங்கள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தினார்கள். தோப்ரேயின் மனைவி எலிசபெத், மழைக்கோட்டுத் துணியைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் மக்கின்டோஷின் உறவுக்காரப் பெண். ரப்பரைக் கரைத்து உருவாக்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் விளையாட ரப்பர் பந்து செய்து கொடுத்தார். அந்தப் பந்து பட்டறையின் சரக்காகி, பிறகு ரப்பர் குழாய், வால்வு என்று விரிந்தது. நிறுவனர்கள் பட்டியலில் இந்த அம்மாளின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. இத்தனை பெரிய ரப்பர் சாம்ராஜ்யத்துக்கு முதல் ரப்பரைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஐம்பது ஆண்டு கழித்துத் தொழில் படுத்துவிட்டது. பார்பியேயின் பேரன்கள் இருவர் அதைத் தூக்கி நிறுத்த வந்தார்கள். மூத்தவர் ஆந்த்ரே மிச்செலின், பொறியாளர். இளையவர் எதுவார், பாரிஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர். கம்பெனியின் நிர்வாகப் பங்காளியாக இருந்து ஐம்பது ஆண்டு அதை நடத்தியவர், யாரும் எதிர்பார்க்க முடியாதபடி, அந்த ஓவியர். பொறியாளரான அண்ணன் பாரிஸில் இருந்துகொண்டு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டார். வேலையை மாற்றிப் பிரித்துக்கொண்டார்களோ என்று தோன்றும். ஆனால் அந்தப் பிரிவினைதான் பலித்தது.

ஒருநாள் ஒரு சைக்கிள்காரர் டன்லப் காற்று டயர் பஞ்சராகிப் பட்டறைக்கு வந்தார் என்பது கம்பெனி சொல்லும் கதை. அப்போது டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரித்து ஒட்ட மணிக்கணக்கில் ஆனது. பசை காய ஓர் இரவு. மறுநாள் எதுவாரே அந்தச் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டரில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. காற்று டயர்தான் எதிர்காலம், ஆனால் அதைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்பதை அந்தச் சவாரியில் அவர் பிடித்துக்கொண்டார். கழற்றக்கூடிய சைக்கிள் டயருக்கு 1891-ல் காப்புரிமை பெற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி, அடுத்தவரைப் பல மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வென்றார். மறு ஆண்டு பாரிஸிலிருந்து கிளெர்மோன் வரை ஒரு பந்தயத்தைச் சகோதரர்களே நடத்தினார்கள். வழியில் ஆணிகளைத் தூவி வைத்தார்கள். பஞ்சரானால் பயமில்லை, நிமிடங்களில் சரிசெய்யலாம் என்று காட்டுவதற்காகத்தான். இன்று யாராவது செய்தால் வழக்குப் போடுவார்கள்.

மோட்டார் காருக்குக் காற்று டயர் சரிப்படாது என்பது அன்றைய பொதுக் கருத்து. 1895-ல் நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்துக்குச் சகோதரர்கள் தாங்களே ஒரு வண்டியைத் தயாரித்து, 'மின்னல்' என்று பெயரிட்டு, தாங்களே ஓட்டினார்கள். வழி நெடுகப் பஞ்சர், கோளாறு. வெல்லவில்லை; ஆனால் புறப்பட்ட பல வண்டிகள் பாதியில் நின்றபோது இது பாரிஸ் வந்து சேர்ந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

விளம்பரக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆகவே வேகமாகக் கடக்கிறேன். 1894-ல் லியோன் கண்காட்சியில் அடுக்கி வைத்த டயர்களைப் பார்த்து, கை முளைத்தால் மனிதனைப் போல இருக்குமே என்று எதுவார் சொன்னாராம். 1898-ல் ஒ'கலோ என்ற ஓவியர் அந்த டயர் மனிதனை வரைந்தார். 1900-ல் கார் ஓட்டுவோருக்கான கையேட்டை 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். பிரான்ஸ் முழுவதிலும் அப்போது சில ஆயிரம் கார்கள்தான் இருந்தன! மக்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் வாங்குவார்கள் என்பது கணக்கு. உணவகங்களுக்கு நட்சத்திரம் 1926-ல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை 1931 முதல். சாலைகளுக்கு எண் போட வேண்டும் என்று அரசிடம் மனு கொடுத்தது, ஊர்ப்பெயர்ப் பலகைகளும் வரைபடங்களும் தயாரித்தது எல்லாம் அதே கணக்கின் நீட்சி.

கிளெர்மோன்-ஃபெரான் நகருக்கும் குடும்பத்துக்கும் இருந்த உறவு இன்னும் சுவையானது. எதுவார் கத்தோலிக்கப் பக்தர்; செலவில் மகா சிக்கனம்; புகைப்படத்துக்கு நிற்பது கூடப் பிடிக்காதவர். தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், பள்ளி நடத்தினார், மருத்துவமனை வைத்தார், கூட்டுறவுக் கடை திறந்தார். பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்துக்குப் படியும் கூடுதல். ஒரு குடியிருப்பின் தெருக்களுக்கு நற்பண்புகளின் பெயர்களையே வைத்தார்கள். அண்ணன் மகன் மார்செல் 1911-ல் தொடங்கிய விளையாட்டுக் கழகம் இன்றும் பிரான்ஸின் முன்னணி ரக்பி அணிகளில் ஒன்று. இதைக் கருணை என்பவர்களும் உண்டு, கட்டுப்பாடு என்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தது என்பதே சரி. மிச்செலின் வீட்டில் குடியிருந்து, மிச்செலின் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த ஒருவருக்கு, வேலையை விடுவது என்றால் ஏறக்குறைய ஊரையே விடுவதுதான். தொழிற்சங்கத்தைக் குடும்பம் எந்தக் காலத்திலும் விரும்பியதில்லை.

அந்தக் கருணையும் கிளெர்மோனுக்குள்தான். ரப்பர் வந்த இடத்தில் நிலைமை வேறு. 1920-களில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் தென்பகுதியில், தோ தியங், ஃபூ ரியெங் என்ற இடங்களில் மிச்செலின் தோட்டங்கள் எழுந்தன. வடக்கிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மலேரியா, அடி, நீண்ட வேலை நேரம். மலாயா ரப்பர் காடுகளுக்குப் போன தமிழர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. 1930 பிப்ரவரியில் ஃபூ ரியெங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோட்டத்தையே சில நாள் கைப்பற்றினார்கள்; வியட்நாம் கம்யூனிச வரலாற்றில் அது பெரிய நிகழ்வு. குடும்பப் பெருமை பேசும் நூல்களில் இந்த அத்தியாயம் மிகச் சுருக்கமாக இருக்கும்.

இனிக் குடும்பத்துக்குள் வருவோம். வாரிசுகளை நம்பிய ஏற்பாட்டுக்கு இதைவிட மோசமான பத்தாண்டுகள் வந்திருக்க முடியாது. ஆந்த்ரே 1931-ல் இறந்தார். எதுவாரின் மூத்த மகன் எத்தியேன் 1932-ல் விமான விபத்தில் போனார். இளைய மகன் பியேர் 1937 டிசம்பரில் கார் விபத்தில் போனார். எதுவார் 1940 ஆகஸ்டில், நாடு ஜெர்மனியிடம் வீழ்ந்த இரண்டு மாதத்தில் கண்மூடினார். ரக்பி கழகம் தொடங்கிய மார்செல், ஜெர்மானியரை எதிர்த்ததற்காகக் கைதாகி, 1945-ல் நாஜி வதைமுகாமில் இறந்தார்.

பெரியவர் எதுவாருக்குப் பிறகு நாற்காலியில் உட்கார மகன் இல்லை. பேரன் ஃபிரான்சுவா பதின்பருவச் சிறுவன். சட்டப்படி ஒருவர் சொத்தைப் பிணை வைத்தாக வேண்டும். மருமகன் ரொபேர் புய்சோவும், வெளியாள் பியேர் பூலாஞ்சேயும் அந்த இடத்தை ஏற்றார்கள். பேரன் வளரும்வரை காத்து, 1955-ல் அவரை உள்ளே கொண்டுவந்து, 1959-ல் புய்சோ ஒதுங்கிக்கொண்டார். குடும்ப வியாபாரங்கள் பெரும்பாலும் உடைவது இப்படிப்பட்ட இடைக்காலத்தில்தான்: காவல் இருக்க வந்தவர் உரிமையாளராகிவிடுவார், அல்லது மருமகன்களும் மகள்களும் பங்கு பிரித்து விற்றுவிடுவார்கள். இங்கே அது நடக்கவில்லை. புய்சோவின் குணம் ஒரு காரணம். அந்த நாற்காலிக்குப் பங்குகளை வாங்கி வர வழி இல்லை, வந்தாலும் சொந்தச் சொத்து மாட்டிக்கொள்ளும் என்பது மற்றொரு காரணம்.

இந்த இடைக்காலத்தில்தான் கம்பெனியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது. அதற்கு முன் சித்ரோயன் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். கார் கம்பெனியான சித்ரோயன் 1934-ல் திவாலானது. அதற்குச் சரக்கு கொடுத்துப் பணம் வராமல் மாட்டிக்கொண்டவர்களில் முதன்மையானவர்கள் மிச்செலின். வேறு வழியின்றிக் கம்பெனியையே எடுத்துக்கொண்டார்கள். பியேர் மிச்செலின் அதன் தலைவரானார். அவருக்குப் பிறகு பூலாஞ்சே. எளிய மக்களுக்கான சிறிய கார் வேண்டும் என்று பூலாஞ்சே பிடிவாதம் பிடித்ததில் பிறந்தது 1948-ல் வெளிவந்த 2சிவி. வாராக் கடனுக்கு ஈடாக வந்த கார் கம்பெனி, டயர் பரிசோதனைக்குச் சொந்தக் களமாகிவிட்டது.

ரேடியல் டயரின் கதைக்கு நாயகன் மரியுஸ் மிஞோல். அச்சுக்கூடத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர். பொறியியல் பட்டம் கிடையாது. தன் கணக்குகளுக்கு அவர் வைத்திருந்த விசித்திரமான கணக்கிடும் அளவுகோலை ('ஸ்லைடு ரூல்') பார்த்து எதுவார் அவரை ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பினார் என்பார்கள். பழைய டயரில், டயர் கடைக்காரர்கள் இன்று 'நைலான்' என்று சொல்லும் வகையில், உள்ளிருக்கும் இழை அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். வண்டி ஓடும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு முறை நசுங்கி நிமிரும்போதும் அந்த இழைகள் ஒன்றோடொன்று உரசும். தரையைத் தொடும் பட்டன் பகுதியையும் இழுத்து அலைக்கழிக்கும். உரசலில் சூடு, சூட்டில் தேய்மானம். எந்தப் பகுதி எவ்வளவு சூடாகிறது என்று பிரித்தறிய மிஞோல், பக்கச் சுவர் ரப்பரை எடுத்துவிட்டு, அங்கே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும் எஃகுக் கம்பிகளை இடைவெளிவிட்டுப் பொருத்திய ஒரு சோதனை டயரைச் செய்தார். 'ஈக்கூண்டு' என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கூண்டு சூடாகவே இல்லை.

அதிலிருந்து வந்தது ரேடியல்: இழைகள் நேர்க்குறுக்காக, பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை. பக்கச் சுவர் தாராளமாக வளையும். தரையைத் தொடும் பகுதி அலையாமல் பதியும். போர்க்காலத்தில், ஜெர்மானியர் கண்ணில் படாமல் இந்த ஆய்வு நடந்தது. 1946 ஜூன் 4-ல் காப்புரிமை கேட்டார்கள். 1949-ல் 'எக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பழைய டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் உழைத்தது.

இரண்டு மடங்கு உழைக்கும் டயரை விற்றால் பாதி டயர்தானே விற்கும்? அமெரிக்காவின் டயர் தலைநகரான ஏக்ரன் நகரத்துக் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு புரிந்தது. தவிர, ரேடியல் செய்யப் பழைய இயந்திரங்கள் உதவாது. ஆலையையே புதிதாகப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரருக்குக் கணக்குக் காட்டும் மேலாளர் அதை எப்படித் தொடங்குவார்? ஃபிரான்சுவா மிச்செலினுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆலைக்கு மேல் ஆலையாக ரேடியலில் கொட்டினார். 1966 முதல் சியர்ஸ் கடைகள் மூலம் அமெரிக்காவில் விற்றார். 1970-ல் ஃபோர்டின் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3 கார், ஆலையிலிருந்தே மிச்செலின் ரேடியலோடு வந்தது. அவசரமாகப் பின்தொடர்ந்த ஃபயர்ஸ்டோன், பழைய இயந்திரங்களைத் திருத்தியமைத்துச் செய்த '500' ரக ரேடியல்கள் பிரிந்து வெடித்து, 1978-ல் ஒரு கோடிக்கு மேல் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. பத்தே ஆண்டில் அந்தக் கம்பெனி கைமாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபிரான்சுவாவின் ரகசியம் பழமொழியாகவே ஆனது. ஜனாதிபதி டி கோல் கிளெர்மோனுக்கு வந்தபோது ஆலைக்குள் விடவில்லை என்று ஒரு கதை பிரான்ஸில் சுற்றும். அப்படி நடந்திருக்கும் என்று எல்லோரும் எளிதாக நம்புவதே அவரைப் பற்றிய சான்று. தவறான கணிப்புகளும் அவருக்கு உண்டு. கடனுக்கு அஞ்சும் குடும்பம் என்ற பெயரைக் கெடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் யூனிராயல் குட்ரிச்சை 1990-ல் பெரும் கடனில் வாங்கினார். மிச்செலின் உலகின் மிகப் பெரிய டயர் நிறுவனமானது. கூடவே பெருநட்டமும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சாதாரண கம்பெனியாக இருந்திருந்தால் இயக்குநர் குழு அவரை அப்போதே அனுப்பியிருக்கும்.

1999-ல் அவர் மகன், கொள்ளுத்தாத்தாவின் பெயரையே கொண்ட எதுவாரிடம் பொறுப்பு வந்தது. அந்தச் செப்டம்பரில், லாபம் உயர்ந்திருப்பதாக அறிவித்த கையோடு, ஐரோப்பாவில் 7,500 வேலைகளை நீக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். பங்கு விலை எகிறியது, நாடு கொதித்தது. அரசால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்று பிரதமர் லியோனல் ஜோஸ்பான் தொலைக்காட்சியில் சொன்ன பதில் அவருடைய அரசியல் வாழ்வின் கடைசிவரை அவரைத் துரத்தியது. தொழிலாளிக்கு வீடும் பள்ளியும் கொடுத்த குடும்பம் என்ற பிம்பம் உடைந்த நாள் அது என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையின் ஒரு கிளை வருகிறது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் லாரி, பஸ் ரேடியல்களுக்கான ஆலை அமைக்க 2009-ல் மாநில அரசுடன் ஒப்பந்தம் போட்டார்கள். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த நிலம் தொழிற்பேட்டையாவதை ஊர்மக்கள் எதிர்த்தார்கள். பிரெஞ்சுத் தொழிற்சங்கமான சிஜிடியும் சேர்ந்து 2012-ல் பிரான்ஸிலேயே புகார் கொடுக்கும் அளவுக்கு அது போனது. ஆலை எழுந்தது, இயங்குகிறது.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். 2006 மே 26-ம் தேதி, பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் மீன்பிடிக்கப் போன எதுவார் படகு மூழ்கி இறந்தார், வயது 42. தூரத்து உறவினரான மிஷெல் ரோலியே 2012 வரை நடத்தினார். அவருக்குப் பின் வந்த ஷான்-தொமினிக் செனார், தனித் தலைவராக அமர்ந்தவர்களில் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஆள். 2019-ல் ஃபுளோரான் மெனெகோ, அவரும் வெளியாள். குடும்பத்தாரிடம் இப்போது இருப்பது பங்குகளில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் 1889-ன் அமைப்பு மாறவில்லை: வரம்பற்ற பொறுப்பை ஏற்கும் பங்காளிகள் இன்றும் உண்டு. அவற்றில் ஒன்றான 'சாஜ்' என்ற தனி நிறுவனம், தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதில் குரல் கொடுக்கிறது. குடும்பத்தின் பங்களிப்பு அதன் வழியாகத் தொடர்கிறது. ஆக, நடத்துவது குடும்பம் என்றால் இல்லை. 2012-லேயே அது முடிந்துவிட்டது. குடும்பம் போட்டுவைத்த பூட்டு இன்னும் அதே கதவில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. வெளியார் எவரும் மிச்செலினைச் சந்தையில் பங்கு வாங்கிக் கைப்பற்ற முடியாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.